மேடையும் மேசையும்: லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் இரட்டைத் தொழில் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1990 அக்டோபர் 9 அன்று, அமெரிக்க இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் உடல்நலக் குறைவால் இனி மேடையேறி ஆர்கெஸ்ட்ராவை நடத்தப்போவதில்லை என்றும், எஞ்சிய காலத்தை இசையமைப்பதிலும் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் செலவிடுவார் என்றும் அறிவிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று, நியூயார்க்கில் தம் வீட்டிலேயே 72ஆம் வயதில் அவர் காலமானார். இசையமைப்புக்குத் திரும்பப்போவதாக அவர் தரப்பிலிருந்து செய்தி வந்தது அது முதல் முறையன்று. 1964இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்தபோதும், 1969இல் அதே ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர் பொறுப்பை விட்டபோதும் முன்வைக்கப்பட்ட காரணம் இதுவே.

ஒரே மனிதர் பிறருடைய இசையை நடத்துபவராகவும் தம்முடைய இசையை எழுதுபவராகவும் இருக்கும்போது எந்தத் தொழில் எதைத் தின்கிறது என்ற கேள்விக்கு, பெர்ன்ஸ்டைனைவிடத் தெளிவான சான்று இருபதாம் நூற்றாண்டில் கிடைப்பது அரிது. மேடை அவரை விழுங்கிவிட்டது, இல்லையென்றால் இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு. அவருடைய ஆண்டுகளையும் படைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் பாதிதான் நிற்கிறது. நிரந்தரப் பதவி அவர் பேனாவை முடக்கியது உண்மை. ஆனால் பதவியை விட்ட பிறகும் பேனா முன்போல ஓடவில்லை. வேறு வேலையே இல்லாமல் ஓராண்டு கையில் கிடைத்தபோதும் ஓடவில்லை. ஆகவே நேரமின்மை என்ற ஒற்றைக் காரணம் போதாது. எந்தச் சூழலில் அவர் தடையின்றி எழுதினார், எந்தச் சூழலில் எழுத முடியாமல் தவித்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள்

பெர்ன்ஸ்டைன் 1918 ஆகஸ்ட் 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை அழகு நிலையங்களுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் வணிகர். பத்து வயதில் அத்தை ஒருவரின் பியானோ வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்துதான் இசை தொடங்குகிறது. மகன் இசையை நம்பிப் பிழைக்க முடியும் என்று தந்தை வெகுகாலம் நம்பவில்லை.

ஹார்வர்டில் படிக்கும்போதே, 1937இல், அவர் வாழ்க்கையின் இரு திசைகளையும் காட்டிய இருவர் எதிர்ப்பட்டார்கள். ஒருவர் கிரேக்க நடத்துநர் டிமித்ரி மித்ரோபூலோஸ். மற்றவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லாண்ட். 1939இல் பட்டம் பெற்ற பின் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் ஃபிரிட்ஸ் ரைனரிடம் நடத்துநர் கலையை முறைப்படி கற்றார். 1940 கோடையில் டாங்கிள்வுட் இசைப்பள்ளி தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்து, பாஸ்டன் சிம்பொனியின் தலைவர் செர்ஜ் கூஸெவிட்ஸ்கியின் அன்புக்குரியவரானார்.

இந்தப் பட்டியலில் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நடத்துநர் கலைக்கு மித்ரோபூலோஸ், ரைனர், கூஸெவிட்ஸ்கி என்று மூன்று பெரியவர்கள் வழிகாட்டினார்கள். இசையமைப்புக்கோ, ஹார்வர்டில் வால்டர் பிஸ்டன் போன்றோரின் வகுப்புகளுக்கு வெளியே, எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டித் திருத்தம் கேட்பதற்குக் கோப்லாண்ட் ஒருவர் மட்டுமே இருந்தார். அதுவும் நட்பின் பேரில். அதனால் நடத்துவதில் அவருக்கு ஒரு குருகுலப் பயிற்சியும், அதன் வழியாக வந்த ஒரு தொழில் ஏணியும் இருந்தன. எழுதுவதில் திறமையும் ஆசையும் மட்டுமே இருந்தன. பின்னாளில் இரண்டும் மோதியபோது ஏணி உள்ள தொழிலே வென்றதில் வியப்பில்லை.

1943 நவம்பர் 14

1943இல் ஆர்தர் ரோட்ஜின்ஸ்கி அவரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் துணை நடத்துநராக நியமித்தார். துணை நடத்துநரின் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான்: எல்லா ஸ்கோர்களையும், அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதப்பட்ட இசைக்குறிப்புகளையும், படித்துத் தயாராக இருக்க வேண்டும், வாய்ப்பு வராமலே போகலாம். நவம்பர் 13 இரவு, பாடகி ஜெனி டூரெல் பெர்ன்ஸ்டைன் எழுதிய பாடல் தொகுப்பு ஒன்றை நியூயார்க்கின் டவுன் ஹாலில் பாடினார். அன்று அவர் கவனமெல்லாம் இசையமைப்பாளராகத் தமக்குக் கிடைத்த அந்தக் கைதட்டலில் இருந்தது. மறுநாள் காலை தொலைபேசி ஒலித்தது. விருந்தினராக நடத்த வந்திருந்த ப்ரூனோ வால்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார், பிற்பகல் 3 மணிக்குக் கார்னகி ஹாலில் கச்சேரி, நாடு முழுவதும் வானொலியில் நேரடி ஒலிபரப்பு, ஒத்திகைக்கு நேரமில்லை.

அன்றைய முதல் உருப்படி ஷூமனின் 'மான்ஃப்ரெட்' முன்னிசை. இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பிற்பகலின் அபாயம் விளங்கும். அது மூன்று வேகமான முழு ஆர்கெஸ்ட்ரா நாதங்களுடன் தொடங்குகிறது. மூன்றும் சமம் தள்ளி விழுபவை. நம் கச்சேரிகளில் எடுப்பு தள்ளித் தொடங்கும் பல்லவிக்குத் தாளம் முதலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பாடுபவர் அதில் வந்து சேர்ந்துகொள்ளலாம். இங்கே தாளமும் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. நடத்துநர் கையை இறக்கும்போது ஒலி எதுவும் எழக் கூடாது. அந்த மௌனமான அடியைக் கண்ணால் பார்த்து, அதற்குப் பின்னே அரையிடம் விட்டு அத்தனை பேரும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஒரு முறைகூட ஒத்திகை பார்க்காத 25 வயது இளைஞர் அதைச் செய்ய வேண்டியிருந்தது. காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த வால்டர் ஸ்கோரைப் புரட்டி இக்கட்டான இடங்களைச் சுட்டிக்காட்டியது மட்டுமே துணை. மூன்று நாதங்களும் சுத்தமாக விழுந்தன. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது.

இளம் நடத்துநர்களின் வரலாற்றில் இந்தக் கதை ஒரு புராணம்போலவே சொல்லப்படுகிறது. ஆனால் இந்த ஆய்வுக்கு முக்கியமானது அதன் விளைவு. இசையமைப்பாளராக அவர் பெயர் ஊன்றுவதற்கு முன்பே நடத்துநராக அவர் பெயர் நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதியது எதுவாக இருந்தாலும், பிரபல நடத்துநர் ஒருவர் எழுதியதாகவே அது முதலில் கேட்கப்பட்டது.

ஒரே ஆண்டில் மூன்று

1944ஆம் ஆண்டைப் பார்த்தால் இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜனவரி 28 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் சிம்பொனி 'ஜெரமையா' அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில் எருசலேமின் அழிவைப் புலம்பும் விவிலிய வரிகளை எபிரேய மொழியில் டூரெல் பாடினார். ஏப்ரல் 18 அன்று மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கில், நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸுடன் சேர்ந்து செய்த 'ஃபேன்சி ஃப்ரீ' பாலே. கரையிறங்கி ஊர் சுற்ற வந்த மூன்று மாலுமிகளின் கூத்து. டிசம்பர் 28 அன்று, அதே கருவிலிருந்து வளர்ந்த 'ஆன் த டவுன்' இசை நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் தொடங்கியது. புலம்பலும் கூத்தும் ஒரே பேனாவிலிருந்து, பன்னிரண்டு மாதத்துக்குள், அவர் கச்சேரிகளை நடத்திக்கொண்டிருந்தபோதே மேடைக்கு வந்தன.

இதைக் கண்டு கூஸெவிட்ஸ்கி மகிழவில்லை. பெரிய நடத்துநராக வேண்டியவர் பிராட்வேயில் காலத்தை வீணாக்குகிறார் என்பது அவர் கருத்து. யூதப் பெயரை மாற்றிக்கொண்டால் முன்னேற எளிது என்று அவர் சொன்ன யோசனையை ஏற்க மறுத்த பெர்ன்ஸ்டைன், பிராட்வே விஷயத்தில் குருவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். 1950இல் ஒரு நாடகத்துக்குச் சில பாடல்கள் தந்ததைத் தவிர, கூஸெவிட்ஸ்கி 1951இல் மறையும் வரை அவர் பிராட்வேக்கு முழு இசை நாடகம் எதையும் எழுதவில்லை. குருவின் விருப்பப்படியே நடந்த அந்த ஆண்டுகளுக்குப் பின்னும், 1949இல் கூஸெவிட்ஸ்கி ஓய்வு பெற்றபோது பாஸ்டன் சிம்பொனி பெர்ன்ஸ்டைனுக்குக் கிடைக்கவில்லை. ஷார்ல் மூன்ஷுக்குப் போனது. என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பு இந்த இடைவெளிதான். இளமையின் ஊற்று முழு வேகத்தில் இருந்தபோது, தமக்கு இயல்பாக வந்த நாடக இசையிலிருந்து மரியாதையின் பொருட்டு விலகி நின்றார்.

பதவியில்லாத ஆண்டுகள்

அவருடைய மிகச் சிறந்த படைப்புக் காலம் 1953 முதல் 1957 வரையிலானது. 1953இல் 'வொண்டர்ஃபுல் டவுன்' இசை நாடகம். 1954இல் 'ஆன் த வாட்டர்ஃபிரன்ட்' திரைப்படத்தின் பின்னணி இசை. அதே ஆண்டு வெனிஸில் ஐசக் ஸ்டெர்ன் வாசித்த வயலின் 'செரினேட்'. 1956 டிசம்பரில் 'கேண்டிட்'. 1957 செப்டம்பர் 26 அன்று பிராட்வேயில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. இதற்கிடையே மிலானின் லா ஸ்காலாவில் மரியா காலாஸுடன் ஓப்பரா நடத்தினார். தொலைக்காட்சியில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை மக்களுக்கு விளக்கினார். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சும்மா இருந்த காலமே இல்லை. ஆனால் எந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் இந்த ஆண்டுகளில் அவர் பொறுப்பில் இல்லை. விருந்தினராக நடத்துபவர் வந்து நடத்திவிட்டுப் போகலாம். இசை இயக்குநரோ ஒரு பருவம் முழுவதற்குமான நிகழ்ச்சிகளைத் திட்டமிட வேண்டும், கலைஞர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகக் குழுவோடு பேச வேண்டும், பயணங்களுக்குத் தலைமை தாங்க வேண்டும். வழக்கமான தீர்ப்பில் நிற்கும் பாதி இதுதான்.

'கேண்டிட்', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இரண்டையும் அவர் ஒரே காலத்தில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய நையாண்டி. மற்றது நியூயார்க் தெருவில் இரு இளைஞர் கும்பல்களின் பகை. இருந்தும் மெட்டுகள் இங்கிருந்து அங்கே இடம் மாறின. தையற்கடையில் காதலர் இருவரும் கைகோத்துப் பாடும் மெல்லிய பாடலின் மெட்டு முதலில் 'கேண்டிட்'டுக்காக எழுதப்பட்டது. கும்பல் பையன்கள் போலீஸ்காரரைக் கேலி செய்யும் பாடலின் மெட்டும் அப்படியே.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் ஆர்தர் லாரன்ட்ஸ் கதையை எழுத, இளைஞர் ஸ்டீஃபன் சோன்ட்ஹைம் பாடல் வரிகளை எழுத, ராபின்ஸ் இயக்கி நடனம் அமைத்தார். வாத்தியப் பங்கீட்டைப் பெர்ன்ஸ்டைனின் மேற்பார்வையில் சிட் ராமினும் இர்வின் காஸ்டலும் செய்து தந்தனர். இத்தனை பேர் கை பட்டும் இசை சிதறவில்லை. காரணம், முழுப் படைப்பையும் ஒரே ஒரு இடைவெளி தாங்குகிறது. நம் முறையில் சொன்னால் அது ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம். கல்யாணி பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த மத்யமம் பஞ்சமத்தைத் தொடத் தவித்துக்கொண்டே இருக்கும். கதாநாயகன் காதலியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடல் ச - ம - ப என்றே எழுகிறது: தவிப்பு, உடனே அதற்கொரு நிறைவு. கும்பல்களின் பகை ஒலிக்கும் இடங்களில் அதே மத்யமம் பஞ்சமத்தில் இறங்க விடாமல் தொங்க விடப்படுகிறது. காதலுக்கும் கொலைவெறிக்கும் ஒரே ஸ்வரங்கள் போதுமானவையாக இருப்பதை நடத்துநரின் காது கொண்ட ஒருவர்தான் இவ்வளவு கச்சிதமாகக் கண்டிருக்க முடியும். பிறருடைய சிம்பொனிகளைப் பிரித்து, ஒரு சிறு கருவிலிருந்து ஒரு மணி நேர இசை எப்படி விளைகிறது என்று நாள்தோறும் பார்த்த பழக்கம் இங்கே உதவியிருக்கிறது.

அதே நாடகத்தில் பையன்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு ஆடும் நடனத்துக்கு அவர் எழுதிய ஃபியூகின் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வடிவம்) கருமெட்டில் பன்னிரண்டு ஸ்வரங்களும் வருகின்றன. இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் வழிவந்தவர்கள் கச்சேரி அரங்குகளில் கையாண்ட, எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாகக் கொள்ளாமல் பன்னிரண்டையும் சமமாக நடத்தும் பன்னிரு ஸ்வர முறை, பிராட்வே மேடையில், டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள் முன்னால், யாரும் முகம் சுளிக்காமல் ஒலித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' முதல் ஓட்டத்தில் 732 காட்சிகள் நடந்தது. 'கேண்டிட்' 73 காட்சிகளோடு நின்றுவிட்டது.

பதினோரு ஆண்டு, இரண்டு படைப்பு

1957 பருவத்தில் மித்ரோபூலோஸுடன் இணை நடத்துநராகவும், 1958 முதல் தனிப் பொறுப்பிலும் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமையை ஏற்றார். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அந்த ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநரானது அதுவே முதல் முறை. அங்கே அவர் செய்தவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1959இல் சோவியத் ஒன்றியத்துக்குப் படையெடுத்தாற்போலப் பயணம் செய்து, அந்நாட்டு இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் அரங்கில் அமர்ந்திருக்க அவருடைய ஐந்தாம் சிம்பொனியை வாசித்தார்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஒன்பது சிம்பொனிகளையும் 1960களில் ஒலிப்பதிவு செய்து, அரிதாகக் கேட்கப்பட்டவற்றை அன்றாடக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். 1958 முதல் 1972 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 53 இளையோர் கச்சேரிகளுக்குப் பேச்சை அவரே எழுதினார். மெலடி என்றால் என்ன, சிம்பொனி எதனால் சிம்பொனியாகிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தைகளுக்கு ஏமாற்றில்லாமல் விளக்கினார். கற்பித்தல் அவருக்குப் பக்கத் தொழிலாக இருந்ததில்லை என்பதை அந்த ஒளிப்பதிவுகளைப் பார்ப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் இசையமைப்பின் கணக்கு வேறு. அந்தப் பதினோரு பருவங்களில் அவர் எழுதிய பெரிய படைப்புகள் இரண்டே: 1963இல் டெல் அவீவில் அரங்கேறிய மூன்றாம் சிம்பொனி 'கதீஷ்', 1965இல் 'சிச்செஸ்டர் சாம்ஸ்'. முந்தைய ஐந்தாண்டில் ஐந்து. 'கதீஷ்' முடியும் தறுவாயில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட, அந்தப் படைப்பு அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

விடுப்பு ஆண்டு

வழக்கமான தீர்ப்பைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்ததுபோல அமைந்தது 1964-65ஆம் ஆண்டு. ஆர்கெஸ்ட்ராவிலிருந்து முழு விடுப்பு. கையில் பழைய நண்பர்களான பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன், ராபின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து தார்ன்டன் வைல்டரின் நாடகம் ஒன்றை இசை நாடகமாக்கும் திட்டம். மேடை மட்டும்தான் தடை என்றால் இந்த ஆண்டில் ஊற்று பீறிட்டிருக்க வேண்டும்.

நாடகத் திட்டம் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. கூட்டாளிகள் கலைந்தார்கள். தனியே மேசைமுன் உட்கார்ந்த பெர்ன்ஸ்டைன், அன்றைய பல்கலைக்கழகங்களில் ஆட்சி செலுத்திய பன்னிரு ஸ்வர முறையிலும் அதைத் தாண்டிய சோதனை முறைகளிலும் பக்கம் பக்கமாக எழுதினார். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1957இல் நடனத்துக்காக எழுதியபோது கைக்கு எளிதாக வந்த அதே முறை, 1965இல் வெறும் மேசையில் வரவில்லை. அன்று அதற்கு ஒரு வேலை இருந்தது: அடக்கப்பட்ட கோபத்துக்கு உடல் கொடுப்பது. இன்று அதன் வேலை, இசையமைப்பாளர் காலத்தோடு ஒத்துப்போகிறார் என்று நிரூபிப்பது மட்டுமே. இந்த வேறுபாட்டை நான் சிறியதாகக் கருதவில்லை. அவருடைய பின்னாள் தடுமாற்றங்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த ஆண்டைக் காப்பாற்றியது ஒரு கடிதம். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு வால்டர் ஹஸி, தென் ஆங்கிலேயப் பேராலயப் பாடகர் குழுக்கள் சேர்ந்து நடத்தும் கோடை விழாவுக்கு ஒரு படைப்பைக் கேட்டிருந்தார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் சாயல் கொஞ்சம் இருந்தாலும் பலருக்கு மகிழ்ச்சியே என்றும் அதில் எழுதியிருந்தார். ஒரு குருவானவர் கொடுத்த இந்த அனுமதி, இசைக் கல்வியாளர்கள் யாரும் கொடுத்திராத அனுமதி. பாடுபவர்கள் யார், இடம் எது, நாள் எது, ஏறத்தாழ எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரிந்ததும் இசை வேகமாக வந்தது. கைவிடப்பட்ட வைல்டர் நாடகத்துக்காக எழுதிய மெட்டுகள் எபிரேயத் திருப்பாடல்களின் வரிகளில் பொருந்தி உட்கார்ந்தன.

நடுப்பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். யாழின் துணையோடு ஒரு சிறுவன் 23ஆம் திருப்பாடலைப் பாடுகிறான்: ஆண்டவர் என் ஆயர். பெண்குரல்கள் அதை ஏந்திக்கொள்கின்றன. திடீரென ஆண்குரல்கள் அடித்தொண்டையில் புகுந்து, நாடுகள் ஏன் கொந்தளிக்கின்றன என்று கேட்கும் 2ஆம் திருப்பாடலை வெட்டி வெட்டிப் பாடுகின்றன. அந்தச் சீற்றமான மெட்டு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் தொடக்கத்துக்காகக் கும்பல் பையன்களுக்கு எழுதப்பட்டு, 1957இல் நீக்கப்பட்டது. எட்டாண்டு பெட்டியில் கிடந்த தெருச்சண்டையின் வெறி, பேராலயத்தில் நாடுகளின் வெறியாக மாறியது. சிறுவனின் குரல் அதற்கு மேலே, எதுவும் நடக்காததுபோல மறுபடி எழுகிறது. ஹஸி கேட்ட சாயலை இதைவிட முழுமையாக யாரும் கொடுத்திருக்க முடியாது.

1965 ஜூலை 15 அன்று நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைனே நடத்தி முதலில் அரங்கேற்றினார். ஜூலை 31 அன்று சிச்செஸ்டர் பேராலயத்தில், அவர் கேட்போர் வரிசையில் உட்கார்ந்திருக்க, ஆண்களும் சிறுவர்களும் மட்டுமே கொண்ட குழுக்கள் பாடின. அந்த அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் தம் விடுப்பைப் பற்றிச் செய்யுள் வடிவில் எழுதிய கட்டுரையில், மரபான சுருதி ஆதாரமுள்ள இந்தச் சிறு படைப்புதான் ஓராண்டின் விளைச்சல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வரிகளில் ஒரு மன்னிப்புக் கோரும் தொனி இருக்கிறது. அது தேவையே இல்லாத மன்னிப்பு. இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படைப்பை உலகெங்கும் பாடகர் குழுக்கள் இன்றும் விரும்பிப் பாடுகின்றன.

1969க்குப் பின்

பதவியை விட்ட பெர்ன்ஸ்டைன் மேடையை விடவில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக், இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆகியவற்றோடு உறவு நெருக்கமானது. பீத்தோவன், மாலர், பிராம்ஸ் எல்லாம் மறுபடியும் ஒலிப்பதிவாயின. பெரிய நடத்துநர்களின் நாள்காட்டி பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நிரம்பிவிடும். எழுதவேண்டிய இசைக்கு அப்படி யாரும் நாள் குறித்து அரங்கை முன்பதிவு செய்வதில்லை. மிச்சமான நாள்கள்தான் அதற்குக் கிடைக்கின்றன.

குறித்த நாளும் இடமும் இருந்தபோது மட்டும் பெரிய படைப்பு பிறந்தது. ஜாக்குலின் கென்னடியின் வேண்டுகோளுக்கிணங்க, வாஷிங்டனில் கென்னடி கலை மையத்தின் திறப்புக்காக எழுதிய 'மாஸ்' 1971 செப்டம்பர் 8 அன்று அரங்கேறியது. கத்தோலிக்கத் திருப்பலியின் வடிவத்துக்குள் ராக் இசை, புளூஸ், சிறுவர் பாடகர் குழு, நடனம் எல்லாவற்றையும் கொட்டினார். விமர்சகர்கள் பிளவுபட்டார்கள். அதன் மிகை எனக்கும் சில இடங்களில் தாங்க முடியாததுதான். ஆயினும் நம்பிக்கை உடைந்துபோன ஒரு தலைமுறையின் குரல் அதில் மெய்யாகவே இருக்கிறது. 1976இல் ஆலன் ஜே லெர்னருடன் சேர்ந்து வெள்ளை மாளிகையின் வரலாற்றைப் பாடிய இசை நாடகம் பிராட்வேயில் 7 காட்சிகளோடு மூடப்பட்டது. அதன் பிறகு அவர் பிராட்வேக்கு எழுதவே இல்லை. 1978இல் மனைவி ஃபெலிசியா புற்றுநோயால் இறந்தார். 1983இல் ஹூஸ்டனில் அரங்கேறிய 'எ குவையட் ப்ளேஸ்' ஓப்பரா மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது.

1973இல் ஹார்வர்டில் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளில், சுருதி ஆதாரம் மனித இயல்பிலேயே வேரூன்றியது என்று மொழியியலைத் துணைக்கு அழைத்து வாதிட்டார். மொழியியலாளர்கள் அந்த ஒப்பீட்டை ஏற்றார்களோ இல்லையோ, அது தம் சொந்த இசைக்கு அவர் எழுதிக்கொண்ட தற்காப்பு என்பது தெளிவு. இவ்வளவு பெரிய தற்காப்பு தேவைப்பட்டதே, சக இசையமைப்பாளர்களின் மதிப்பீடு அவரை எவ்வளவு உறுத்தியது என்பதைக் காட்டுகிறது.

மாலரும் பூலெஸும்

பெர்ன்ஸ்டைன் தம்மை மாலரோடு ஒப்பிட்டுக்கொள்வது வழக்கம். மாலரும் நடத்துநர், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையும் 1909 முதல் 1911 வரை நடத்தியவர். ஆனால் வியன்னா அரசவை ஓப்பராவின் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் மாலருக்குக் கோடை முழுவதும் சொந்தமாக இருந்தது. ஓப்பரா மூடியதும் ஏரிக்கரையில் மாயர்னிக் என்ற இடத்துக்குப் போய், காட்டுக்குள் கட்டிய சிறு குடிலில் கதவைச் சாத்திக்கொள்வார். ஐந்தாம் சிம்பொனியிலிருந்து எட்டாம் சிம்பொனி வரை அந்தக் கோடைகளில் எழுதப்பட்டவை. பெர்ன்ஸ்டைனின் கோடைகள் டாங்கிள்வுட்டுக்கும் திருவிழாக்களுக்கும் பயணங்களுக்கும் போயின. அதைவிட முக்கியமானது, அவருக்குக் குடில் ஒத்துவராது. அவர் தனிமை தாங்காதவர் என்பது அவரை அறிந்த எல்லாரும் சொன்னது. கூட்டாளியோடு பியானோமுன் உட்கார்ந்து, பாடிக் காட்டி, சண்டை போட்டு, மறுநாள் ஒத்திகைக்குள் புதுப் பாடல் வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதியபோதே அவர் முழுமையானார்.

நியூயார்க்கில் அவர் விட்டுச்சென்ற பொறுப்புக்கு 1971இல் வந்தவர் பியர் பூலெஸ். அவரும் இசையமைப்பாளர், பெர்ன்ஸ்டைனுக்கு நேரெதிரான அழகியல் கொண்டவர். அந்தப் பதவியில் இருந்த ஆறு ஆண்டுகளில் அவர் எழுதியதும் குறைவே. 1977இல் அவர் பாரிஸுக்குத் திரும்பியபோது, இசையமைப்புக்கென்றே அரசுப் பணத்தில் எழுப்பப்பட்ட ஆய்வு நிலையம் ஒன்று அவர் தலைமைக்குக் காத்திருந்தது. பெர்ன்ஸ்டைனுக்கு அப்படிப்பட்ட நிலையமாக ஒரு காலத்தில் பிராட்வே இருந்தது: கூட்டாளிகள், தவணை, ஒத்திகை அறை, வாசித்துக் காட்ட ஆர்கெஸ்ட்ரா, உண்மையைச் சொல்லும் பார்வையாளர்கள். 1969இல் அவர் வெளியே வந்தபோது அந்த பிராட்வே ராக் இசையின் பக்கம் நகர்ந்திருந்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் அவரிடம் பாடல் வரிகள் எழுதிய சோன்ட்ஹைம், தாமே இசையும் அமைத்து அதன் புதிய தலைவராகிக்கொண்டிருந்தார்.

ஆகவே பதவி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தை மட்டுமன்று. முப்பத்தொன்பது வயதிலிருந்து ஐம்பது வயதுவரை நாடகக் கூட்டாளிகளோடு தொடர்ந்து பழகி, தோற்று, திருத்தி வளர்ந்திருக்க வேண்டிய தொடர்ச்சியை எடுத்துக்கொண்டது. நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. தொடர்ச்சியை முடியவில்லை.

எதிர்ப்பக்கக் கணக்கையும் விடாமல் சேர்க்க வேண்டும். 73 காட்சிகளில் நின்றுபோன 'கேண்டிட்'டின் முன்னிசையை, நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1957 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் கச்சேரியில் நடத்தியவர் பெர்ன்ஸ்டைன்தான். நான்கரை நிமிடம்கூட முழுதாக ஓடாத அந்த உருப்படி, அவர் எழுதியவற்றுள் உலக ஆர்கெஸ்ட்ராக்கள் மிக அதிகமாக வாசிப்பவற்றில் ஒன்றாகிவிட்டது. நாடகத்தை 1973இல் ஹெரால்ட் பிரின்ஸும் அதன் பின் வேறு சிலரும் வெட்டியும் ஒட்டியும் மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில், 1989 டிசம்பரில், லண்டனின் பார்பிகன் அரங்கில், பாடகர்கள் பலர் காய்ச்சலோடு பாட, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தி முழுப் படைப்பையும் பெர்ன்ஸ்டைனே ஒலிப்பதிவு செய்தார். முதல் அரங்கேற்றத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அந்தக் கச்சேரிக்கு முன்பு, 'கேண்டிட்' முழுவதையும் அவர் ஒருமுறைகூட நடத்தியதில்லை.